இருபத்தொரு கட்டை

இன்று விடியற்காலை அந்தக் குரல் தவறான இடத்தில் பேசியது.

வைரவர் கோயில் இன்னும் தூரத்தில் இருந்தது. நான் பலகை விற்கும் மரக்காலையின் மதிலோரமாக ஓடிக்கொண்டிருந்தேன். மேற்கையில் கட்டியிருந்த போன், ஒன்று முடிந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் சொல்லி, அதற்கு எடுத்த நேரத்தையும் சொல்லிவிட்டு அடங்கியது. எனக்குக் கால் தடுமாறிவிட்டது. எங்களுடைய 'ஒன்று' எப்போதும் வைரவர் கோயில் வாசலில்தான் வரும். அந்த இடத்தில் நீர் ஓட்டத்தை நிறுத்தாமலே வலக்கையை நெஞ்சில் வைத்துக் கும்பிடுவீர். வைரவரைக் கும்பிடுகிறீரா, போனில் பேசுகிறவளைக் கும்பிடுகிறீரா என்று ஒருநாள் கேட்டேன். "ரண்டு பேரும் காவல்தானே. ஒராளை விட்டிட்டு ஒராளைக் கும்பிட்டாக் கோவிப்பினம்" என்றீர்.

நீர் போன பிறகு நான் ஓட வெளிக்கிட்ட முதல் நாள் இது. மாரி முடிந்து, தையும் மாசியும் கடந்து, பங்குனி வெயில் தொடங்கிவிட்டது. சப்பாத்து இத்தனை நாளும் கட்டிலுக்குக் கீழேயே கிடந்தது. நேற்று எடுத்துத் தட்டியபோது வல்லை வெளியின் மணல் நிலத்தில் கொட்டியது. அதைக் கூட்டி அள்ள மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பிறகு அள்ளினேன்.

உம்முடைய போன் உம்முடைய கணவரிடம் இருக்கிறது. அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னுடைய போனிலேயே அதே செயலியை இறக்கிக்கொண்டேன். அதே பெண்ணின் குரல்தான். ஆனால் மரக்காலையடியில் பேசியவள் அதற்குப் பிறகும் எல்லா இடத்திலும் முந்திக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தடியில் வரவேண்டிய 'இரண்டு' கோயிலைக் கடந்த கையோடு வந்தது. போன் பழுது, அல்லது நான் பழுது என்று நினைத்தேன். மூன்றாம் முறை நின்று காது கொடுத்துக் கேட்டேன். அவள் கிலோமீற்றர் சொல்லிக்கொண்டிருந்தாள். உம்முடைய போனில் இருந்தவள் மைல் சொன்னவள்.

அந்தச் சிறிய வித்தியாசம் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சொல்ல வேண்டிய ஆள் நீர் ஒருவர்தான்.

கந்தோரில் எதிரெதிர் மேசையில் இத்தனை வருடம் இருந்தும் 'நீர்' என்பதிலிருந்து நாங்கள் இருவரும் இறங்கவில்லை. கந்தோருக்கு வந்து இரத்தம் சோதித்தார்களே, அன்றைக்கு உமக்கும் எனக்கும் சீனி எல்லையில் நிற்கிறது என்றார்கள். தினமும் நடக்கச் சொன்னார் டாக்குத்தர். நடந்தால் ஒரு மணித்தியாலம் போகும், ஓடினால் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டு வந்து சமைக்கலாம் என்று நீர் கணக்குப் போட்டீர். அப்படித்தான் ஓட்டம் எங்களிடம் வந்தது. வேறு பெரிய காரணம் ஒன்றும் அப்போது நீர் சொல்லவில்லை.

லண்டனில் இருக்கும் உம்முடைய அக்காவின் மகன் ஊருக்கு வந்தபோது தன்னுடைய பழைய போனை உமக்கு விட்டுப்போனான். அதில் அவன் ஓடும்போது பாவித்த செயலி இருந்தது. ஒவ்வொரு மைலுக்கும் தூரத்தையும் வேகத்தையும் வாய்விட்டுச் சொல்லும். நீர் அவளுக்கு 'லண்டன்காரி' என்று பெயர் வைத்தீர். காதுக்குள் ஒன்றும் கொழுவக்கூடாது என்பது உம்முடைய சட்டம். பின்னால் வரும் பஸ்ஸின் சத்தம் கேட்க வேண்டும், நாய் குரைத்தால் கேட்க வேண்டும், எல்லாவற்றையும்விட உம்முடைய கதை எனக்குக் கேட்க வேண்டும். ஆகவே லண்டன்காரி ஊருக்கே கேட்கும்படி உரத்துப் பேசினாள். அவள் வேகம் குறைந்துவிட்டது என்று சொன்னால் நீர் பதில் சொல்லாமல் விடமாட்டீர். "நீ வந்து ஓடிப்பார். உனக்கென்ன, கையில இருந்துகொண்டு சொல்லிறாய்."

நெல்லியடிக்கு இந்தப் பக்கம் ஒரு செத்தவீட்டைக் கடந்தது ஞாபகம் இருக்கிறதா? மரியாதைக்காக ஓட்டத்தை விட்டு நடந்தோம். மேளமும் அந்த நேரம் பார்த்து ஓய்ந்துவிட்டது. லண்டன்காரி, நாங்கள் வழக்கத்தைவிட மெதுவாகப் போகிறோம் என்று உரத்து அறிவித்தாள். பந்தலில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். நீர் போனைக் கையால் பொத்திக்கொண்டு நின்றீர். வாசலில் கதிரை போட்டிருந்த ஒரு வயதானவர், "என்ன பிள்ளையள், றேடியோவே? செய்தி முடிய மரண அறிவித்தலையும் போடச் சொல்லுங்கோ" என்றார். அடுத்த சந்தி வரைக்கும் நீர் வாயைச் சேலைத் தலைப்பால் பொத்துகிற மாதிரி வெறும் கையால் பொத்திக்கொண்டே வந்தீர். பிறகு மதிலில் சாய்ந்து நின்று சிரித்த சிரிப்பில் எனக்கு விலாவில் பிடித்துவிட்டது.

ஆரம்பத்தில் றோட்டில் நின்றவர்கள் சும்மா விடவில்லை. பஸ் விட்டிட்டுப் போட்டுதோ என்றார்கள். ஆர் துரத்துகிறான் என்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு ஓடுவேன். பஞ்சாபியின் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியும் போதாது போல இருக்கும். தேத்தண்ணிக் கடையில் நின்ற ஒருவர் இந்த வயதில் என்ன ஓட்டம் என்று கேட்டார். நீர் நிற்காமலே, "வயசும்தான் ஓடுது தம்பி. அதைப் பிடிக்கத்தான் போறம்" என்றீர். அந்த மனிதர் அதற்குப் பிறகு எங்களைக் கண்டால் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கத் தொடங்கினார். எனக்கு அந்த மாதிரிப் பதில்கள் வீட்டுக்கு வந்த பிறகுதான் வாயில் வரும்.

இருபத்தொன்று எங்களுக்குள் எப்படி வந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

லண்டனிலிருந்து அக்காவின் மகன் ஒருநாள் போனில் கதைத்தபோது, இப்படியே போனால் அரை மரதன் ஓடிவிடுவீர்கள் என்று பகிடியாகச் சொன்னான். அது எவ்வளவு தூரம் என்று கேட்டீர். "இருபத்தொண்டு, சித்தி" என்றான். எங்களுக்கு மரதன் என்றால் பள்ளிக்கூடத்து விளையாட்டுப் போட்டிக்கு முன் றோட்டில் ஓடவிடுவார்களே, அதுதான். ஒவ்வொரு பள்ளிக்கூடத்துக்கும் ஒவ்வொரு தூரம். சரியான அளவு என்று ஒன்று இருப்பதாகவே நாங்கள் யோசித்ததில்லை. அவன் இருக்கும் நாட்டில் றோட்டெல்லாம் மைல், அவன் தந்த போன் பேசுவதும் மைல். எங்கள் வீடுகளிலும் கட்டை என்றால் மைல்தான். நெல்லியடி ஐந்தாம் கட்டை என்று உம்முடைய அப்பா சொல்வார்; லண்டன்காரியும் நெல்லியடியில்தான் ஐந்து சொன்னாள். அவள் சொன்னதும் வீட்டில் சொன்னதும் எங்கும் முரண்படவில்லை. பிறகு யாருக்குச் சந்தேகம் வரும்?

பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணம் இருபத்தொரு கட்டை. அது இங்கே எல்லோருக்கும் தெரியும். அரை மரதனும் இருபத்தொன்று. போனை வைத்துவிட்டு நீர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு நினைவிருக்கிறது. "அப்ப அது எங்கட றோட்டுத்தான்" என்றீர். லண்டனில் இருக்கிறவர்கள் எங்களுடைய றோட்டை அளந்து பெயர் வைத்த மாதிரி அவ்வளவு உரிமையோடு சொன்னீர்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த றோட்டிலேயே கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினோம். போவது ஓட்டம், திரும்பி வருவது பஸ்.

வல்லை வெளிக்கு முதல் முறை போய்ச் சேர்ந்த அன்றைக்குத்தான் நீர் அந்தக் கதையைச் சொன்னீர். இரண்டு பக்கமும் வெளி. மறைக்க ஒரு மரம் இல்லை. லண்டன்காரி வேகம் குறைந்ததைச் சொன்னாள். நீர் அவளுக்குப் பதில் சொல்லவில்லை. ஒரு இடத்தில் ஓட்டத்தை விட்டு நின்றீர். மூச்சு வாங்குகிறதாக்கும் என்று நானும் நின்றேன்.

பள்ளிக்கூடக் காலத்தில் நீர் ஆயிரத்தைந்நூறு மீற்றர் ஓடுகிறவர் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. மாவட்டப் போட்டிக்கு எடுபட்டிருக்கிறீர். போட்டி யாழ்ப்பாணத்து மைதானத்தில். விடியவே வெளிக்கிட்ட பஸ் இந்த இடத்தில், ஆமியின் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டது. அந்தக் காலத்தில் இறங்கி நடப்பது எல்லோருக்கும் பழக்கம்தான். எனக்கும் தெரியும். பெண்கள் ஒரு வரிசை, ஆண்கள் ஒரு வரிசை, பையைத் திறந்து காட்டி, அடையாள அட்டையைக் காட்டி, அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறுவது. அன்றைக்கு எதற்காகவோ நெடுநேரம் வைத்திருந்தார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நீர் வரிசையில் நின்றபடியே குதிக்காலை உயர்த்தி உயர்த்திக் காலைச் சூடாக்கிக்கொண்டு நின்றீராம். நீங்கள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆயிரத்தைந்நூறு முடிந்து, பரிசு பெற்ற பிள்ளைகள் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். உங்களைக் கூட்டிக்கொண்டு போன ரீச்சர் யாருடனோ கெஞ்சினார். பிறகு வாங்கித் தந்த தோடம்பழத்தைச் சாப்பிட்டுக்கொண்டு அதே பஸ்ஸில் திரும்பி வந்தீர்கள். திரும்பி வரும்போதும் இதே இடத்தில் இறக்கினார்கள். அடுத்த வருடம் நீர் ஓடவில்லை. அதற்கடுத்த வருடமும் இல்லை.

நீர் மறுபடி ஓடத் தொடங்கிக்கொண்டு சொன்னீர்:

"ஓட வேண்டிய இடத்துக்கு பஸ்ஸில போய்ப் பிந்தினனான். இனி ஓடியே போய்ப் பாக்கிறன். ஒருத்தரும் இறங்கச் சொல்லேலாதே."

அதற்குப் பிறகு எங்களுடைய இருபத்தொன்றின் முடிவு பஸ் நிலையம் இல்லை, அந்த மைதானத்தின் வாசல் என்றாயிற்று. நாங்கள் அதை ஒருநாளும் உட்கார்ந்து தீர்மானிக்கவில்லை. நீர் 'கிறவுண்ட்' என்று சொல்லத் தொடங்கினீர், நானும் அப்படியே சொன்னேன்.

பதின்மூன்றாம் கட்டையைத் தொட்ட ஞாயிறு ஐப்பசி மழைக்குச் சற்று முந்தியது. சிறுப்பிட்டியைக் கடந்து, நான் பிறந்த நீர்வேலியின் எல்லையில், இரண்டு பக்கமும் வாழைத்தோட்டம். லண்டன்காரி பதின்மூன்று என்றதும் நீர் றோட்டோரத்தில் குந்திவிட்டீர். அந்த நேரம் பார்த்து யாழ்ப்பாணத்துப் பக்கமிருந்து பருத்தித்துறை பஸ் வந்தது. தரிப்பிடமோ இன்னும் அங்கால் இருந்தது. "எழும்பும், விட்டா இனி ஒரு மணித்தியாலம்" என்று என்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினீர். கொண்டக்டர் தம்பி சிரித்துக்கொண்டு காத்து நின்றான். ஏறி இருந்த பிறகுதான் லண்டன்காரியை நிறுத்த மறந்தது தெரிந்தது. பஸ் ஓட ஓட அவள், நாங்கள் மிக நன்றாக ஓடுகிறோம், வேகம் கூடிவிட்டது என்று புகழ்ந்துகொண்டு வந்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது. "மிச்சம் எட்டு" என்று நீர் என் காதில் சொன்னீர்.

மழை தொடங்கியதும் தைக்குப் பிறகு பார்ப்போம் என்று விட்டோம். மார்கழியில் ஊர் முழுக்க டெங்கு. உமக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. உதடு காய்ந்திருந்தது. காலைக் கட்டிலின் கம்பியில் முட்டுக்கொடுத்து வைத்துக்கொண்டு, கிடந்து கிடந்து கால் பழுதாகப் போகிறது என்று முறைப்பட்டீர். இந்த நேரத்தில் ஓட்டத்தை விடும் என்றேன். "மிச்சம் எட்டுத்தானே. அதையேன் விடுவான்?" என்றீர். மருத்துவர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிட்டது.

உம்மைக் கொண்டுபோன அன்று நான் படலையோடு நின்றேன். பெண்கள் அதற்கு அங்கால் போவதில்லை. மேளம் ஒழுங்கையால் திரும்பி, றோட்டால் திரும்பி, பிறகு கேட்காமல் போகும்வரை அதிலேயே நின்றேன். கூட வந்த பெண்கள் குளிக்கக் கூப்பிட்டார்கள்.

ஓடின உடம்பு என்கிறீர்கள், ஓடி என்ன கண்டது என்று செத்தவீட்டிலேயே ஒருவர் சொன்னார். டெங்குக்கும் ஓட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்க வேண்டியதுதான். அன்றும் எனக்குப் பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் வந்தது.

இனி இன்றைக்கு வருகிறேன்.

மரக்காலையடியில் தடுமாறி, பாதியில் திரும்பி வந்து, பின்னேரம் லண்டனுக்கு எடுத்தேன். இந்தப் போனை மைலுக்கு மாற்றுவது எப்படி என்று கேட்கத்தான் எடுத்தேன். உம்முடைய அக்காவின் மகன் பொறுமையாகச் சொல்லித்தந்தான். எதற்கு மைல் என்று கேட்டான். இருபத்தொன்றையும் அந்தக் கணக்கிலேயே முடிக்க வேண்டும் என்றேன். மிச்சம் எட்டு இருக்கிறது என்றும் சொன்னேன்.

"அன்ரி, அரை மரதன் இருபத்தொரு கிலோமீற்றர் எல்லோ. மைலில எண்டாப் பதின்மூண்டும் சொச்சமும்தான்" என்றான். பிறகு, "சித்தி எவ்வளவு ஓடினவ?" என்று கேட்டான்.

பதின்மூன்று என்றேன். பஸ்ஸைப் பிடிக்க ஓடியதையும் சொன்னேன். அந்தச் சொச்சம் அதற்குள் வந்துவிடும்.

"அப்ப சித்தி ஓடி முடிச்சிட்டா, அன்ரி. அவவுக்குத் தெரியாமப் போச்சு" என்றான். தான் கிலோமீற்றர் என்று ஒரு சொல் சேர்த்துச் சொல்லியிருந்தால் என்று தொடங்கினான். அப்படி இல்லை, அவவுக்கு அந்தக் கணக்குத்தான் பிடித்திருந்தது என்று சொல்லி அவனைத் தேற்றினேன். தேற்றுவதற்காகச் சொன்ன அந்த வார்த்தை உண்மைதானா என்று இப்போது இருந்து யோசிக்கிறேன்.

.

இந்த மடலை அன்றோடு நிறுத்திவிட்டேன். இப்போது மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்திருக்கிறேன்.

நடுவில் நடந்தது இதுதான். விடயத்தைக் கேட்டதும் என் வீட்டுக்காரருக்கு ஆறுதலாகிவிட்டது. தனியே யாழ்ப்பாணம் வரை ஓடப்போகிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து அவருக்கு நித்திரை சரியில்லை. "முடிஞ்சுதெண்டா முடிஞ்சுதுதானே. அவவும் முடிச்சிட்டா, நீரும் முடிச்சிட்டீர். அவவின்ரை பேரில ஒரு அர்ச்சனை செய்துபோட்டு விடுமன்" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. லண்டனிலிருந்தும் வாழ்த்து வந்தது. அக்காவின் மகன் எங்கள் இருவரின் பெயரையும் போட்டு, பதக்கம் மாதிரி ஒரு படம் செய்து அனுப்பியிருந்தான். இரண்டு மூன்று நாள் நானும் அந்தச் சந்தோஷத்தைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தேன். உம்முடைய கணவருக்குப் போய்ச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு உம்முடைய படத்தைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஆனால் சோறு காய்ச்சும்போதும், கந்தோரில் உம்முடைய மேசையில் இப்போது இருக்கும் பிள்ளைக்கு வேலை சொல்லிக்கொடுக்கும்போதும் ஒரே யோசனைதான். நீர் ஓடியது அந்தப் பெயருக்காகவா? அரை மரதன் என்ற சொல்லை நீர் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்? விரல் விட்டு எண்ணலாம். 'கிறவுண்ட்' என்றுதான் சொல்வீர். கிறவுண்டில் போய்த் தண்ணி குடிப்பம், கிறவுண்டில் போய் இருப்பம். லண்டனில் யாரோ எப்போதோ வைத்த அளவு எங்களுடைய றோட்டோடு ஒத்துப்போனதில் உமக்குச் சந்தோஷம். ஒத்துப்போகாவிட்டாலும் நீர் போயிருப்பீர். நீர்வேலி எல்லையில் நின்றால் போட்டி முடிந்திருக்கலாம். நீர் போய்ச் சேரவில்லை.

அது தெளிவான அன்றிரவு போனை மைலுக்கு மாற்றினேன்.

பங்குனியிலேயே மறுபடி தொடங்கினேன். வெயில் ஏறுமுன் திரும்பிவர வேண்டும் என்பதால் விடியப்புறம் வெளிக்கிடுவேன். லண்டன்காரி மறுபடி வைரவர் கோயிலடியில் 'ஒன்று' சொன்னாள். நான் கும்பிட்டேன். நெல்லியடி, பிறகு வல்லை, பிறகு ஆவரங்கால். ஒரு ஞாயிறு கால் பிடித்து உட்கார்ந்து அழுதேன்; அடுத்த ஞாயிறும் போனேன். வேகத்தைப் பற்றி அவள் சொல்வதை நான் பொருட்படுத்துவதை விட்டுவிட்டேன். தூரம் மட்டும் போதும். நீர் பக்கத்தில் இருந்தபோது கதை கேட்டுக்கொண்டே கடந்த கட்டைகள் எல்லாம் எவ்வளவு நீளம் என்று இப்போதுதான் தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன்.

சோளகக் காற்று தொடங்கியிருந்தது. வல்லை வெளியில் அது நேரே முகத்தில் அடித்தது. ஒரு அடி வைத்தால் அரை அடி பின்னுக்குத் தள்ளுகிற மாதிரி. நீர் வரிசையில் நின்ற இடம் எதுவென்று எனக்குக் காட்டியிருந்தீர். அங்கே இப்போது ஒன்றும் இல்லை. நாயுருவிப் பற்றையும் ஒரு உடைந்த சீமெந்துக் கட்டும். நான் அதில் நிற்கவில்லை. நிற்பதற்கு நினைத்துக்கொண்டுதான் வந்தேன். கிட்ட வந்ததும், நிற்காமல் போவதுதான் சரி என்று பட்டது. தலையைக் குனிந்து காற்றுக்குள் புகுந்து போனேன். பாலம் கடக்கும் வரை தலை நிமிரவில்லை.

என் வீட்டுக்காரர் மோட்டார் சைக்கிளில் பின்னால் வருகிறேன் என்று நின்றவர். வேண்டாம் என்று நான் மறித்துவிட்டேன். அதற்காக வீட்டில் இருக்கவும் அவரால் முடியவில்லை. நீர்வேலி எல்லையில், நாங்கள் பஸ்ஸுக்கு ஓடிய அந்தத் தரிப்பிடத்தில், தண்ணீர்ப் போத்தலோடும் இரண்டு கதலிப் பழத்தோடும் நின்றார். லண்டன்காரி பதின்மூன்று சொல்லிச் சற்று நேரத்தில் அவரைக் கண்டேன்.

என் கால் அப்போது என்னுடையதாக இல்லை. பழத்தைத் தின்ன முடியவில்லை. தண்ணீரைக் குடித்தேன், மிச்சத்தைத் தலையில் ஊற்றினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நிக்கிறதெண்டா இதில நிக்கலாம். ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்" என்றார்.

அவர் தரிப்பிடத்தின் நிழலில் நின்றார். மோட்டார் சைக்கிளின் இருக்கையில் துவாய் விரித்திருந்தது, வெயிலில் சூடேறாமல் இருக்க. ஏறி இருந்தால் அரை மணித்தியாலத்தில் வீடு. நான் முதல் தரமாக வாய்ப் பதிலை உரிய இடத்திலேயே சொன்னேன். "போட்டு வாறன். நீங்கள் சோத்துக்குப் பாருங்கோ" என்றேன். அவர் சிரிக்கவும் இல்லை, மறிக்கவும் இல்லை. வெறும் போத்தலை வாங்கிக்கொண்டார்.

அங்கிருந்து மிச்சம் எட்டும் நீர் காணாத கட்டைகள். உம்முடைய கதை இல்லாத றோட்டு. இந்த இடத்தில் நீர் என்ன சொல்லியிருப்பீர் என்று யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் வரவில்லை. அதனால் நானே பார்த்துக்கொண்டு போனேன். வாழைக்குலை ஏற்றிய லான்ட்மாஸ்ரர் உழவு மெசின் ஒன்று என்னைவிட மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அதை முந்தினேன். கோப்பாயில் வெயில் ஏறிவிட்டது. இருபாலைக்கு அங்கால் நடந்தும் ஓடியும் போனேன். நடந்த நேரம் அதிகம் என்று உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் நிற்கவில்லை. ஒருத்தரும் மறிக்கவும் இல்லை. ஒரு பொலிஸ்காரர் சந்தியில் வாகனங்களை நிறுத்தி நான் கடக்கக் கைகாட்டினார்.

ரவுணுக்குள் நுழையும்போதே லண்டன்காரி இருபத்தொன்று என்றாள். கிறவுண்ட் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. உம்முடைய இரண்டு கணக்கும் பிழை. அரை மரதனுக்கு அது மிக அதிகம், கிறவுண்டுக்கு அது போதாது. அவள் சொன்ன எண்ணைக் கேட்டு நான் நிற்கவில்லை. போனை நிறுத்திப் பைக்குள் வைத்துவிட்டு, ஆஸ்பத்திரி வீதிச் சனத்துக்குள்ளால், ஓட்டோக்களுக்கு இடையால் போனேன்.

கிறவுண்டின் இரும்பு கேற் சாத்தியிருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. காவலுக்கு இருந்தவருக்கு எங்களுடைய வயதுதான் இருக்கும். பிளாஸ்ரிக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற என்னைக் கண்டதும் எழுந்து வந்து, ஆரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார்.

"ஒருத்தரையும் இல்லை. ஓட வந்தனான்."

"இண்டைக்குப் போட்டி ஒண்டும் இல்லையே, அக்கா."

"இருந்தது, தம்பி. பஸ் பிந்திப்போச்சு."

அவர் என்னைப் பார்த்தார். முகத்தில் உப்புப் பூத்திருந்தது, சப்பாத்து முழுக்கச் செம்பாட்டு மண். பைத்தியம் என்று நினைத்திருக்கலாம்.

"எந்தப் பக்கத்து பஸ்?" என்று கேட்டார்.

"பருத்தித்துறை."

அவர் பேப்பரை மடித்துக் கதிரையில் வைத்தார். பிறகு கேற்றின் கொழுக்கியைத் தூக்கி, நான் போகும் அளவுக்குத் திறந்துவிட்டு, ஒதுங்கி நின்றார்.

ஆயிரத்தைந்நூறு மீற்றர் என்றால் அந்த மைதானத்தில் மூன்றே முக்கால் சுற்று. சுண்ணாம்புக் கோடு அழிந்துபோய் இருந்தது. எந்த இடத்தில் தொடங்குவார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டு வைத்துக்கொள்ளவும் இல்லை. ஒரு இடத்தைத் தொடக்கமாக எடுத்து, ஒரு சுற்று ஓடினேன். நடக்கவில்லை, ஓடினேன். அதற்கு மேல் கால் வரவில்லை.

மிச்சம் இரண்டே முக்கால் சுற்றை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.